மதம் மாறாமல் பதிவுத் திருமணம்: அந்த முப்பது நாளைக் கடப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் கோவை. ஐந்து வருடமாகச் சென்னையில் வேலை பார்க்கிறேன். டேட்டிங் ஆப்பில் அறிமுகமானவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன். நான் இந்து, அவர் முஸ்லிம். இருவருக்கும் மதம் மாற விருப்பமில்லை. “ஒருவர் மாறினால் உடனே முடித்துத் தருகிறேன், இல்லையென்றால் வீட்டுக்கு நோட்டீஸ் போய்விடும்” என்கிறார் ஒரு புரோக்கர். வேறு மதத்தில் கட்டினால் சொத்தில் பங்கு போய்விடும் என்கிறார் அப்பா. உண்மையா?

பதில்: அந்தப் புரோக்கரிடம் இனிப் போகாதீர்கள். மனதில் இல்லாத மதத்துக்கு மாறியதாகக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு ஒரு வழக்கு என்று வரும்போது அந்தத் தாளே உங்களுக்கு எதிராக நிற்கும். மாறாமல் கோயிலில் தாலி கட்டினாலும் செல்லாது. இந்து திருமணச் சட்டத்துக்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். மாறாமல் நிக்காஹ் செய்தால் அது முறையற்ற திருமணம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தைக்கு உரிமை உண்டு. கணவரின் சொத்தில் மனைவிக்கு வாரிசுரிமை இல்லை.

உங்களுக்கான வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். உங்களில் ஒருவராவது 30 நாளுக்குக் குறையாமல் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம், அதாவது சார்பதிவாளர் அலுவலகத்தில், அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். அதன் நகலை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாள் காத்திருக்க வேண்டும். பெற்றோர் வீட்டுக்குத் தபால் அனுப்பச் சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை. ஆனால் நிரந்தர முகவரி கோவை என்று எழுதினால், அங்குள்ள அலுவலகத்துக்கும் நகல் போய்ப் பலகையில் ஏறும். நிஜமாகவே சென்னையில்தான் நிலைத்துவிட்டீர்கள் என்றால், படிவம் கொடுக்கும் முன்பே ஆதார் முகவரியை மாற்றிவிடுங்கள். பொய் முகவரி மட்டும் வேண்டாம்.

அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-இல், தம்பதி விரும்பாவிட்டால் அறிவிப்பை வெளியிட வேண்டாம் என்றது. அது உத்தரப் பிரதேச நீதிமன்றம். அதை நம்பித் தமிழ்நாட்டில் இறங்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண், பலகைக் கண்ணாடிக்குப் பின்னால் தன் பெயரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. இந்த விதி மாற வேண்டும் என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

யாராவது ஆட்சேபித்தால்? வயது, மனநலம், உயிரோடுள்ள வேறு கணவன் அல்லது மனைவி, விலக்கப்பட்ட உறவுமுறை, அதாவது மணக்கக் கூடாத நெருங்கிய உறவு. இவற்றை வைத்து மட்டுமே ஆட்சேபிக்கலாம். “மதம் வேறு”, “எங்களுக்குச் சம்மதமில்லை” என்பதெல்லாம் செல்லாது.

இன்னொன்று. ஆப்பில் ‘சிங்கிள்’ என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். இந்தப் படிவத்தில் மணமாகாதவரா, விவாகரத்தானவரா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் தண்டனை உண்டு. அவருக்கு முன்பு திருமணம் நடந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சொத்து விஷயத்தில் அப்பா சொல்வது தவறு. வேறு மதத்தவரை இந்தச் சட்டப்படி மணந்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவீர்கள். அதனால் உங்கள் பங்கு தனியாகிறதே தவிர, போவதில்லை. வாரிசுரிமையும் அப்படியே இருக்கும். அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தை உயில் எழுதி வேறு யாருக்கும் கொடுக்கலாம். அது யாரை மணந்தாலும் அப்படித்தான். திருமணத்துக்குப் பிறகு உங்கள் இருவர் சொத்துக்கும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு.

மிரட்டல் வந்தால் தயங்காமல் காவல் ஆணையர் அலுவலகத்தில் இருவரும் எழுத்து மூலம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். இப்படிப்பட்ட தம்பதிகளைக் காக்க மாவட்டம்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ‘பெண்ணைக் காணவில்லை’ என்று வீட்டில் புகார் கொடுத்தால் ஓடி ஒளியாதீர்கள். வயதுச் சான்றோடு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போய், என் விருப்பப்படி வந்தேன் என்று வாக்குமூலம் கொடுங்கள்.

கடைசி நாளில் பின்வாங்காத மூன்று சாட்சிகளை இப்போதே பேசி வையுங்கள். அவர்கள் முன்னால், உங்களுக்குப் புரிந்த மொழியில், தமிழிலேயே, ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால்தான் திருமணம் முடிந்ததாகும். அறிவிப்பு கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் இது நடக்க வேண்டும். தாண்டினால் புதிதாகப் படிவம் கொடுத்து மறுபடியும் 30 நாள் காத்திருக்க வேண்டும்.