கொரோனாவுக்குப் பின் ஏறும் பிரஷர்: அஸ்பிரின் கொடுக்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு 48 வயது. 2021இல் கொரோனா வந்து வீட்டிலேயே சுகமானார். இப்போது மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, பிரஷர் 145 வரை போகிறது. வைரஸ் இரத்தக் குழாயைக் கெடுத்துவிட்டதா? அஸ்பிரின் கொடுக்கலாமா?

பதில்: அஸ்பிரின் வேண்டாம். மாரடைப்போ பக்கவாதமோ வராத ஒருவர் வைத்தியரைக் கேட்காமல் குடித்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். டெங்குக் காய்ச்சலின்போது உயிருக்கே ஆபத்து.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. இரத்தக் குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய படலம்தான் குழாயை விரியவைக்கிறது, இரத்தம் உறையாமலும் காக்கிறது. தொற்றில் எழும் அழற்சி அதைப் புண்ணாக்கும். ஆறிய பிறகும் சிலருக்குக் குழாய் விறைத்தே நிற்கும். 16 நாடுகளில் சுமார் 2,400 பேரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், கொரோனா லேசாக வந்துபோன பெண்களுக்கும், ஆறு மாதம் கழித்து நாடி அலையின் வேகம் (குழாய் விறைக்க விறைக்க இது கூடும்) கொரோனா வராத பெண்களைவிட விநாடிக்கு அரை மீற்றரளவு கூடுதலாக இருந்தது. குழாய்க்கு ஏறக்குறைய 5 வயது கூடியதற்குச் சமம் இது. தடுப்பூசி போட்டவர்களிடம் விறைப்பு குறைவு.

ஆனாலும் மூச்சு வாங்குவதற்கான பழி முழுவதையும் கொரோனா மேல் போட்டுவிடாதீர்கள். தோட்டத்துப் பெண்களிடம் நான் முதலில் தேடுவது இரத்தசோகையை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினால் மேடு ஏறக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதோடு சீனி, கொலஸ்ட்ரோல், ஈசிஜி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

பிரஷரை ஒருமுறை பார்த்து முடிவுகட்ட முடியாது. குளிரில் குழாய் சுருங்கும், மலையிலிருந்து நனைந்து வந்த கையோடு அளந்தால் கூடத்தான் காட்டும். உடுப்பு மாற்றி, சாயத் தண்ணி குடித்து அரை மணிநேரமாவது போகட்டும். சாய்ந்து, கால் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். ஸ்வெட்டர் மேல் பட்டியைச் சுற்றாதீர்கள். ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டாலும் அது புயத்தை இறுக்கிக் கணக்கைக் கெடுக்கும். ஸ்வெட்டரின் அந்தக் கையை முழுதாகக் கழற்றுங்கள். பட்டி நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை, 7 நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுச் சராசரி பார்த்தால் 135/85 அல்லது அதற்கு மேலா? அந்தக் கொப்பியோடு கிளினிக் போங்கள். குழாய் விறைத்திருந்தாலும் பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் மூளையும் இதயமும் தப்பும்.

உப்பு நாளுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி, கருவாட்டில் உள்ளதும் சேர்த்துத்தான். வெற்றிலையோடு போடும் புகையிலையை அடியோடு நிறுத்தவேண்டும்.

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், வாய் கோணுதல் என எது வந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள். தோட்டப் பாதையில் வண்டி ஏறிவர நேரமெடுக்கும், விடியட்டும் என்று பார்த்திருக்கவேண்டாம்.