புது குழந்தை டாக்டர், எப்படி விசாரிக்கிறது?

கேள்வி: மேடம், நாங்க இப்பதான் வீடு மாறி வந்திருக்கோம், பையனுக்கு எட்டு மாசம். பக்கத்துல ஒரு குழந்தை டாக்டர் இருக்கார், ஆனா அவரைப் பத்தி எதுவுமே தெரியல. ஆன்லைன்ல ரிவ்யூ பாத்தா பாதி பேர் தெய்வம்ங்கறாங்க, பாதி பேர் போகவே போகாதீங்கங்கறாங்க. போர்டுல பேருக்குப் பின்னாடி நாலஞ்சு எழுத்து வேற. எதை நம்புறது? அவர்கிட்டயே கேட்டா தப்பா எடுத்துப்பாரா?

பதில்: ரிவ்யூவை அப்புறம் பாக்கலாம்மா, முதல்ல அவரோட பதிவு எண்ணைப் பாருங்க. இந்தியாவுல கிளினிக்லயும் மருந்துச் சீட்டுலயும் அதைப் போட்டிருக்கணும்னு 2002 மருத்துவ ஒழுக்க விதியிலயே இருக்கு, அதனால அதைக் கேக்குறது உங்க உரிமைதான். அந்த நம்பரை தேசிய மருத்துவ ஆணையத்தோட வெப்சைட்ல டாக்டர்கள் பதிவேட்டுல போட்டுத் தேடுங்க, மாநில மெடிக்கல் கவுன்சில்லயும் பாக்கலாம். பேரை மட்டும் போட்டா ஒரே பேர்ல, ஒரே இனிஷியல்ல நிறைய பேர் வந்து குழப்பும், நம்பர்தான் சரி. வெளிநாட்டுல இருக்குற வாசகர்களும் இதையே செய்யலாம், பிரிட்டன்ல ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், ஆஸ்திரேலியாவுல டாக்டர்களைப் பதிவு செய்யுற ஆப்ரா (Ahpra), ரெண்டுலயும் யார் வேணா காசில்லாம தேடலாம்.

அந்த எழுத்துல நீங்க தேட வேண்டியது எம்.டி. பீடியாட்ரிக்ஸ், டி.என்.பி. பீடியாட்ரிக்ஸ், இல்லன்னா டி.சி.எச். முதல் ரெண்டும் எம்.பி.பி.எஸ்.க்கு மேல மூணு வருஷம், டி.சி.எச். ரெண்டு வருஷ டிப்ளமோ, எல்லாமே குழந்தை வைத்தியத்துக்கான படிப்புதான். சங்கத்துல மெம்பர்னு போடுற எழுத்து படிப்பு கிடையாது. ஒரு விஷயம், மேல்படிப்பு பதிவேட்டுல இன்னும் ஏறாமக்கூட இருக்கலாம், உடனே போலின்னு முடிவு கட்டிடாதீங்க, கேளுங்க.

ரிவ்யூல ஸ்டாரை விட்டுட்டு உள்ள என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. "சளிக்கு ஆன்டிபயாடிக்கே தரல, வேஸ்ட்"னு ஒருத்தர் திட்டியிருந்தா எனக்கு அந்த டாக்டர் மேல மரியாதைதான் கூடும், ஏன்னா குழந்தைங்களுக்கு வர்ற சளி பெரும்பாலும் வைரஸால வர்றது, ஆன்டிபயாடிக் அதுக்கு வேலையே செய்யாது. ரொம்ப நேரம் காக்க வெச்சாங்கங்கறதும் வைத்தியத்தைப் பத்தின குறை இல்ல. ஆனா கேள்வி கேட்டா எரிஞ்சு விழுறார்னு சம்பந்தமே இல்லாத நாலு பேர் தனித்தனியா சொன்னா அதை காதுல போட்டுக்கணும்.

மிச்சத்தை நேர்ல போய்தான் தெரிஞ்சுக்க முடியும். மருந்து எழுதுறதுக்கு முன்னாடி எடை பாக்குறாங்களான்னு கவனிங்க, குழந்தைக்கு டோஸே எடையை வெச்சுதான், அதைப் பாக்காம சிரப் எழுதுறவங்ககிட்ட நான் திரும்பப் போக மாட்டேன். தடுப்பூசி கார்டை வாங்கிப் பாக்குறாங்களா, எந்த மருந்து எதுக்குன்னு சொல்றாங்களா, ராத்திரி மூச்சுத் திணறல் மாதிரி வந்தா எந்த ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும்னு கேட்டா தெளிவா பதில் வருதா, இதெல்லாம் பாருங்க.

தப்பா எடுத்துப்பாரான்னு பயப்படாதீங்க, "எங்க படிச்சீங்க, எத்தனை வருஷமா பாக்குறீங்க"ன்னு மரியாதையா கேட்டா நல்ல டாக்டர் சந்தோஷமாவே சொல்வார். பையனுக்கு ஒம்பதாம் மாச தடுப்பூசி வருதுல்ல, காய்ச்சல் அடிக்கிற வரைக்கும் காத்திருக்காம அதுக்கே அவர்கிட்ட போயிட்டு வாங்க, குழந்தை நல்லா இருக்கும்போதுதான் நிதானமா நாலு கேள்வி கேக்க முடியும்.