வீட்டுக் கொட்டிலில் இலகு விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இருபது வருடங்களாக மீன்பிடி வள்ளங்களை பைபர் கிளாஸில் கட்டி வருகிறேன். கிட் ஆக, அதாவது நாமே பொருத்தும் பாகங்களாக வரும் இருவர் அமரும் சிறு விமானமொன்றை வாங்கி, மகனோடு சேர்ந்து வீட்டுக் கொட்டிலில் கட்ட ஆசை. வள்ளம் கட்டிப் பழகிய கை இதற்குப் போதுமா?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: கை போதும். துணியைக் காற்றுக் குமிழி இல்லாமல் படிய வைக்கத் தெரிந்தவருக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆனால் வள்ளத்தில் நல்ல பழக்கமாக இருக்கும் சில பழக்கங்கள் விமானத்தில் ஆபத்தாக மாறும் என்பதால், அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வள்ளத்துக்குப் பயன்படுத்துவது பொலியெஸ்டர் ரெசின். அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் 1970களில் வடிவமைத்த வரிஈஸி போன்ற விமானங்களின் சிறகு, சூடான கம்பியால் அறுத்தெடுத்த பொலிஸ்டைரின் நுரையின் மேல், அதாவது நம் ஊரில் ரெஜிபோம் என்று சொல்லும் பொருளின் இனத்தைச் சேர்ந்த நுரையின் மேல், கண்ணாடித் துணியை எப்பொக்சி என்ற வேறு வகை ரெசினால் ஒட்டிச் செய்யப்படுவது. அந்த நுரையில் பொலியெஸ்டரை ஊற்றினால் அதிலுள்ள ஸ்டைரின் நுரையைக் கரைத்துவிடும். மீன் பெட்டியிலிருந்து உடைந்த ஒரு துண்டை எடுத்து, உங்கள் வாளியிலுள்ள ரெசினை அதில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். குழி விழுவது கண்ணெதிரே தெரியும்.

இரண்டாவது, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர். மழை வருகிறது, சீக்கிரம் இறுகட்டும் என்று பொலியெஸ்டரில் கொஞ்சம் கூட்டி ஊற்றுவது வழக்கம், அது தாங்கும். எப்பொக்சி தாங்காது. அதில் ரெசினும் ஹார்ட்னரும் குறித்த விகிதத்தில் ஒன்றோடொன்று சேர்ந்தே இறுகுவதால், எது கூடினாலும் மிச்சம் இறுகாமல் உள்ளேயே நின்று, வெளியே கல்லாகத் தெரியும் பாகம் உள்ளே மெத்தென்று இருந்துவிடும். தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். நம் ஊரின் ஈரக் காற்றில் இறுகிய எப்பொக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் வருவதும் உண்டு. அடுத்த படையை இடுமுன் அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, பின்னர் உரச வேண்டும். கழுவாமல் உரசினால் படலத்தை உள்ளே தேய்த்ததாகிவிடும்.

மூன்றாவது, எடை. வள்ளத்தில் ஒரு படை கூடுதலாக இட்டால் உறுதி என்பார்கள். சிறகில் கூடுதலான ரெசின் வெறும் சுமை. துணி முழுதாக நனைந்து, அதன் நெசவு தெரியும் அளவுக்கு மிச்ச ரெசினை வழித்தெடுக்க வேண்டும். பூச்சு வெள்ளையாகவே இருக்கட்டும், ஏனெனில் கடும் நிறம் நம் வெயிலை உறிஞ்சினால் எப்பொக்சியும் நுரையும் இளகும்.

கேள்வி: கட்டத் தொடங்குமுன் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கட்டி முடித்த பின் சீனக்குடாவில் ஏற்றலாம் அல்லவா?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: கட்டி முடித்த பின் கேட்பது என்ற எண்ணத்தை இப்போதே விடுங்கள். இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சேவைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையிடம், முற்பணம் கட்டுவதற்கு முன்னரே, எந்தக் கிட், எந்த எஞ்சின், எங்கே கட்டுவது, யார் பரிசோதிப்பது என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்ற பிரபலமான விதி அமெரிக்காவினுடையது; அது அங்கே செல்லும், 4R என்று தொடங்கும் நம் நாட்டுப் பதிவுக்கு அதைக் காட்டி வாதாட முடியாது. சீனக்குடா விமானத் தளம் விமானப்படையின் பொறுப்பில் உள்ளது. பயிற்சி விமானங்கள் தினமும் சுற்றும் வான்வெளியில் நாம் நினைத்த நேரம் ஏற முடியாது.

பணம் பற்றியும் ஒரு சொல். கிட்டை வால், சிறகு, உடல் என்று பகுதி பகுதியாக விற்பார்கள். வாலை மட்டும் முதலில் வாங்குங்கள். தன் ஆர்.வி. ரக விமானங்கள் 10,000க்கு மேல் பறந்துள்ள அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனமே 2023 டிசம்பரில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் மிச்சப் பாகங்களைப் பெறுவதற்கு முன்னதைவிட அதிக விலைக்கு உடன்பட நேர்ந்தது.

கேள்வி: எங்களிடம் நல்ல நிலையில் 40 குதிரைவலு வெளியிணைப்பு வள்ள எஞ்சின் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை இலகு விமானத்துக்கு மாற்றலாமா?
– ஒரு வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். அது கடல்நீரை உறிஞ்சிக் குளிரும் எஞ்சின். அதன் தண்டு செங்குத்தாக நிற்பது. வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரம் நீருக்குள் இருக்கும் காலில் உள்ளது. காலைக் கழற்றிவிட்டு 1.7 மீற்றர் விசிறியை நேரே பூட்டி நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓட்டினால், விசிறியின் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 490 மீற்றர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே 340 தான். அந்த நிலையில் விசிறி இழுக்காது, அலறும். இதற்காகவே இலகு விமானங்களுக்கான ரொட்டாக்ஸ் 912 ரகத்தின் 100 குதிரைவலு எஞ்சின், 5,800 சுற்றை 2.43இல் ஒன்றாகக் குறைத்து விசிறிக்குத் தருகிறது. அதில் தீப்பொறி ஏற்பாடும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு. கடலில் எஞ்சின் நின்றால் நங்கூரம் போட்டுக் காத்திருக்கலாம்.

கேள்வி: என் வீடு கடலிலிருந்து 200 யார் தூரம். அலுமினியக் கிட் வாங்கினால் உப்புக்காற்றில் தாங்குமா?
– ஓர் ஆசிரியை, திருக்கடலூர்

பதில்: நம் ஊர்க்காரர் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, ஆசிரியை அவர்களே. தாங்கும், ஆனால் அந்தத் தாக்குப்பிடிப்பைக் கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்ட வேண்டும்.

நான் வேலை பழகிய காலத்தில், ஒரு தகட்டில் வெட்டுக்கோடுகளைப் பள்ளிப் பென்சிலால் போட்டு, கொட்டிலில் சாய்த்து வைத்துவிட்டேன். வாடைக்காற்றும் மார்கழி மழையும் கழிந்து தை மாதத்தில் எடுத்துப் பார்த்தபோது, பென்சில் கோடு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. விரலால் துடைத்தேன், பொடி போயிற்று, கோடு பள்ளமாக நின்றது. பென்சிலில் உள்ள கிராஃபைற்றும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சந்தித்தால் சிறு மின்கலம் போல இயங்கி, அலுமினியம்தான் அரிக்கப்படும். அன்றிலிருந்து மெல்லிய மார்க்கர் பேனாவைத் தவிர வேறெதையும் தகட்டில் வைப்பதில்லை. இரும்பு தேய்த்த கம்பித் தூரிகையையும் அருகில் விடுவதில்லை.

தகட்டின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்ரிக் உறை பாதுகாப்பென்று மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அதன் அடியில் ஈரம் சிக்கும். ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் உள்ள பிசிறை நீக்கி, நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் மீண்டும் நீக்குங்கள். பிறகு தகட்டைக் கழுவி உலர்த்தி, விலா, சட்டம், தோல் எனப்படும் வெளித்தகடு ஆகியவற்றின் உட்புறம் முழுவதற்கும், ஒன்றின் மேல் ஒன்று படியும் இடங்களுக்குக் கட்டாயமாகவும், பொருத்துவதற்கு முன்னரே எப்பொக்சி பிரைமர் அடியுங்கள். பொருத்திய பின் அந்த இடுக்கில் தூரிகை போகாது, உப்பு போகும். பிரைமர் வேலையை ஈரம் கூடிய வாடைக்காலத்தில் வைக்காமல், கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களுக்கு ஒதுக்குவது நல்லது.

தறையாணியையும் அளந்து பாருங்கள். 3.2 மில்லிமீற்றர் திண்ம ஆணியை அடித்த பின் உள்ளே விரியும் தலை ஏறத்தாழ 4.8 அகலமும் 1.6 உயரமும் இருக்க வேண்டும். சாய்ந்தோ வெடித்தோ இருந்தால் துளைத்தெடுத்து வேறு அடியுங்கள். ஓர் ஆணிக்காக அரை மணித்தியாலம் போவது வீண் அல்ல.

சிறகின் கடைசித் தோலை மூடுமுன் ஒரு நாள் வேலையை நிறுத்தி, அந்தச் சிறகில் கை வைக்காத ஒருவரிடம் டோர்ச்சைக் கொடுத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அவர் காட்டும் இடத்தைப் படம் எடுத்து, திருத்தி, மீண்டும் படம் எடுத்து, திகதியோடு வேலைக் குறிப்பேட்டில் ஒட்டிய பின் மூடலாம்.