காரைக்குடியில் எம்.எஸ்சி. உயிர்தகவலியல் படிக்கிறேன். புற்றுநோய் ஜீனோம் ஆய்வுக்குள் எப்படி நுழைவது?

முதல் கட்டத்துக்கு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. 8 ஜிபி லேப்டாப்பும் நெட்டும் போதும். சிபயோபோர்ட்டல் என்ற இலவச இணையதளத்தில், டிசிஜிஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் ஜீனோம் திட்டத்தின் நுரையீரல் அடினோகார்சினோமா (ஒருவகை நுரையீரல் புற்றுநோய்) தரவைத் திறந்து இஜிஎஃப்ஆர், கேராஸ் என்ற இரு மரபணுக்களின் மாற்றங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கட்டியில் சேர்ந்து வருவது அபூர்வம். காரணம், இரண்டுமே செல்லுக்குள் ஒரே சமிக்ஞைப் பாதையைத்தான் முடுக்குகின்றன; ஒன்று இருந்தாலே பெரும்பாலும் போதும்.

அடுத்து, பிரவுசரிலேயே ஆய்வு செய்ய உதவும் இலவச கேலக்ஸி சர்வரில், கட்டி மாதிரியின் டிஎன்ஏ தரவையும் அதே நோயாளியின் ரத்த மாதிரியின் தரவையும் வார்ஸ்கேனில் (இரண்டையும் ஒப்பிட்டு மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள். செலவை மிச்சம் பிடிக்க ரத்தத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு; அங்கேதான் வினை. செட்டிநாட்டில் போல தலைமுறைகளாகச் சமூகத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் இடங்களில், உலகத் தரவுத்தளங்களில் ஏறாத பரம்பரை மாற்றங்கள் நிறைய இருக்கலாம். ஒப்பிட ரத்தம் இல்லையென்றால் அவையெல்லாம் புற்றுநோய் மாற்றம் போலவே வந்து நிற்கும்.

கணக்கும் வேண்டும். மாதிரியில் புற்றுச்செல் 40 சதவீதம் என்றால், மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உள்ள மாற்றம் சுமார் 20 சதவீத ரீடுகளில்தான் (இயந்திரம் படித்த டிஎன்ஏ துண்டுகள்) தெரியும். 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு இடமும் சராசரியாக 30 முறை படிக்கப்பட்டால், அது வெறும் 6 ரீடு. எக்ஸோமுக்கு (புரதத்துக்கான டிஎன்ஏ பகுதிகள் மட்டும்) 100 மடங்காவது கேளுங்கள்.

ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைத்த பழைய திசு (பாரஃபின் பிளாக்) என்றால் கூடுதல் கவனம். ஃபார்மலின் டிஎன்ஏவின் சைட்டோசின் (சி) எழுத்தைச் சிதைப்பதால் சி இருக்க வேண்டிய இடத்தில் டி என்று பொய் மாற்றங்கள் குவியும், அதுவும் குறைந்த சதவீத ரீடுகளில். ஒப்பீட்டுக்கான மனித ஜீனோமின் இரு பதிப்புகளான ஜிஆர்சிஹெச்37, 38 இரண்டையும் கலந்துவிடாதீர்கள், இடஎண்ணே மாறிவிடும்.

மருந்துப் பக்கம் எல்858ஆர், டி790எம் என்ற இரண்டு இஜிஎஃப்ஆர் மாற்றங்கள், ஒசிமெர்டினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மருந்து ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பிலிருந்து ஆரம்பியுங்கள். கோடிங் மட்டும் தெரிந்தால் போதாது, நோயியல் மருத்துவர் ஒருவரிடம் ஸ்லைடு பார்க்கப் பழகுங்கள். அந்த 40 சதவீதத்தைச் சொல்பவர் அவர்தான்.