காயம்பட்ட எதிரிக்கு நம் பிள்ளை கட்டுப் போட வேண்டுமா?

தேவகோட்டைக்கு அருகிலுள்ள ஊரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மகன் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து லக்னோவில் நர்சிங் அசிஸ்டண்ட் பயிற்சி பெறுகிறார். காயம்பட்ட எதிரி வீரனுக்கும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று அங்கே கற்பிப்பதை அவர் விடுமுறையில் வந்தபோது சொல்ல, வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "நம்ம பிள்ளை ஒருத்தன் பக்கத்துல கிடந்து துடிக்கும்போதுமா?" என்று கேட்டாராம். இது விதியா, பெருந்தன்மையா, முதலில் யாரைப் பார்ப்பது என்பவை தந்தையின் கேள்விகள்.

விதிதான். 1949 ஆகஸ்ட் 12 அன்று ஏற்கப்பட்ட போர்க்கால நடத்தைக்கான பன்னாட்டு ஒப்பந்தங்களில் ஒன்றான முதலாம் ஜெனீவா உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, காயம்பட்டவரை நாடு, இனம், மதம் பாராமல் பேண வேண்டும் என்றும், யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை அவசர மருத்துவக் காரணம் மட்டுமே தீர்மானிக்கலாம் என்றும் சொல்கிறது. இந்தியா இதை 1950இல் ஏற்றது. காயம்பட்டவரையோ கைதியையோ வேண்டுமென்றே கொல்பவருக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க நம் நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

இருவரைத் தூக்கிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீரனுக்கு முன்கை எலும்பு முறிந்திருக்கிறது. வலி தாளாமல் அலறுகிறான். எதிரி வீரன் சத்தமின்றிக் கிடக்கிறான். அவன் தொடையிலிருந்து இரத்தம் பீறிடுகிறது. அலறுகிறவனுக்கு மூச்சு சீராக இருக்கிறது, அவன் பொறுத்திருக்க முடியும். தொடைத் தமனி அறுந்தவனோ சில நிமிடங்களில் போய்விடுவான். ஆகவே உங்கள் மகனின் கை முதலில் அந்தத் தொடைக்குத்தான் போக வேண்டும்: காயத்துக்கு மேலே பட்டையை இறுக்கி, இறுக்கிய நேரத்தை எழுதிவிட்டு, உடனே நம் வீரனிடம் திரும்ப வேண்டும். காயங்கள் இடம் மாறியிருந்தால் வரிசையும் மாறும். தோழனின் குரல் காதில் விழும்போது கை மறுபக்கம் போவது எவ்வளவு கடினம் என்பதை இருபது ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அறிவேன். அந்த வேதனையை உங்கள் மகன் ஒளிக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. காயத்தோடு கிடந்தும் சுட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்த நேரத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவன் சண்டையை நிறுத்திய பிறகு, ஆயுதத்தை அகற்றிவிட்டே அருகே செல்ல வேண்டும்.

அப்பத்தாவுக்குச் சொல்லச் சட்டப் பிரிவு தேவையில்லை. பங்குனியில் காரைக்குடியிலும் நாட்டரசன்கோட்டையிலும் கம்பன் விழா கேட்டிருப்பவர் என்றால், படையிழந்து தனியே நின்ற இராவணனிடம் இராமன் "இன்று போய்ப் போர்க்கு நாளை வா" என்றது அவருக்குத் தெரிந்திருக்கும். "ஊராண்மை மற்றதன் எஃகு" என்ற குறளுக்கு விளக்கமாகப் பரிமேலழகர் காட்டுவதும் இந்த இடத்தைத்தான்: பகைவனுக்குத் தாழ்வு வந்தபோது உதவுவதே வீரத்தின் கூர்மை. ஆனால் இராமன் தானாக விரும்பி அளித்ததை இன்றைய சட்டம் ஒவ்வொரு சிப்பாய்க்கும் கடமையாக்குகிறது. எதிர்த்தரப்பு நம்மவர்களை வதைத்தாலும் அந்தக் கடமை நீங்காது, ஏனெனில் காயம்பட்டவர் மீது பழிதீர்ப்பதை அதே உடன்படிக்கை தடைசெய்கிறது. 'அவர்கள் செய்தால் நாமும் செய்வோம்' என்ற கணக்கை நான் ஏற்கவே மாட்டேன். நம் முன் கிடப்பவன் அந்தக் கொடுமையைச் செய்தவனாக இல்லாமலும் இருக்கலாம். அவனே செய்தவன் என்றாலும் அதை விசாரிக்க வேண்டியது நீதிமன்றம், அவன் காயத்தைக் கட்டுகிறவர் அல்ல.

சிகிச்சைக்குப் பின் அவன் போர்க்கைதி. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றுக்கு மேல் அவன் எதையும் சொல்லக் கட்டாயமில்லை. பதில் பெறுவதற்காக மருந்தை நிறுத்திவைக்கவும் கூடாது. கைதியை ஊரார் வேடிக்கைக்குப் பொருளாக்குவதையும் போர்க்கைதிகளுக்கான மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை தடுக்கிறது. இதை உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்: செல்போனில் அவனைப் படமெடுக்கவோ, நண்பர்கள் அனுப்பும் அத்தகைய வீடியோவை வாட்ஸ்அப்பில் பரப்பவோ கூடாது. ஆயுதத்தை எடுத்துக்கொள்ளலாம், சட்டைப்பையில் அவன் தாயின் படம் இருந்தால், அது அவனிடமே இருக்க வேண்டும்.