ஹாம்லெட் புலம்பினால் என்ன?

கேள்வி: கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' பாடம். ஒருவன் மேடையில் தனியாக நின்றுகொண்டு பக்கம் பக்கமாகப் பேசுகிறான். நிஜத்தில் எவனாவது இப்படிப் பேசுவானா? அப்பாவைக் கொன்றவனைக் கொல்லத் துணிவில்லாத ஒருவனின் புலம்பலை 'அகப் போராட்டம்' என்று கொண்டாடுவது கொஞ்சம் ஓவர் இல்லையா?
- ஒரு மாணவர், திருச்சி

பதில்: புலம்பல் என்று திட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கும் கிடைக்காது. 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். உங்கள் பாடப்புத்தகம் 'தனிமொழி' என்று சொல்வதும் அதைத்தான். அதனால் இவன் ஏன் தனியாகப் பேசுகிறான் என்று கேட்பதற்கு முன்னால், பேசுவதற்கு இவனுக்கு யார் இருந்தார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

முதல் அங்கம், இரண்டாம் காட்சி. அம்மா சித்தப்பாவை மணந்திருக்கிறாள், டென்மார்க் அரண்மனையே கல்யாணக் களையில் இருக்கிறது, துக்கத்தின் கறுப்பு உடை ஹாம்லெட் மேல் மட்டும்தான். உயிருள்ளதெல்லாம் ஒருநாள் சாகத்தானே வேண்டும், எத்தனை நாள் தலையைக் குனிந்துகொண்டு புழுதியில் அப்பாவைத் தேடுவாய் என்கிறாள் அம்மா. சித்தப்பா கிளாடியஸ் இன்னும் ஒரு படி மேலே போய், உன் அப்பாவும் அப்பாவை இழந்தவர்தான், அந்த அப்பாவும் தன் அப்பாவை இழந்தவர்தான் என்று, சாவு வீட்டுக்குத் தாமதமாக வந்த பெரிய மனிதர் மாதிரி ஆறுதல் சொல்லி, இதற்கு மேல் அழுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று முடிக்கிறான். விட்டன்பர்குக்குப் படிக்கத் திரும்பிப் போகவும் விடவில்லை. கறுப்பு உடை, பெருமூச்சு, கண்ணீர் எல்லாம் எவனும் நடித்துக் காட்டக்கூடியவை, எனக்குள் இருப்பது அந்த வேஷத்துக்கெல்லாம் அப்பாற்பட்டது என்று ஒரே ஒரு தடவை சபையில் சொல்லிப் பார்க்கிறான் பையன். யார் காதிலும் ஏறவில்லை. சபை கலைந்த மறுகணம் முதல் தனிமொழி ஆரம்பிக்கிறது. அதன் கடைசி வரி: நெஞ்சே, நீ உடைந்து போ, நான் நாக்கை அடக்கியாக வேண்டும்.

இந்த இடத்தில் அவனுக்கு அப்பாவின் ஆவியைப் பற்றித் தெரியாது. சித்தப்பா செய்த கொலையைப் பற்றியும் தெரியாது. பழிவாங்கு என்று இன்னும் யாரும் வேலை கொடுக்கவில்லை. ஆனாலும் இந்த உடம்பு உருகிப் பனித்துளியாய்ப் போய்விடக்கூடாதா என்கிறான், தற்கொலையைக் கடவுள் தடை செய்திருக்கிறாரே என்று வருந்துகிறான். ஆக, கொல்லத் துணியாதவன் என்ற உங்கள் குற்றச்சாட்டு பிறப்பதற்கு முன்பே இந்தத் துக்கம் பிறந்துவிட்டது. நாடகம் முழுவதையும் 'கொல்வானா மாட்டானா' என்று படிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அப்புறம், அந்தத் துக்கம் எங்கே தெரிகிறது? 'ஐயோ' என்று கத்துவதில் இல்லை, கணக்குத் தடுமாறுவதில் தெரிகிறது. அப்பா செத்து இரண்டு மாதம் என்று ஆரம்பிக்கிறான், உடனே 'இல்லை, அவ்வளவுகூட ஆகவில்லை' என்கிறான். அம்மா மறுமணம் செய்தது எப்போது என்று வரும்போது அது ஒரு மாதமாகிறது. 'வேண்டாம், நினைக்க வேண்டாம்' என்று தன்னையே தடுக்கிறான், தடுத்த வாயாலேயே 'ஒரு சின்ன மாதம்' என்று திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறான். எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அப்பாவின் சடலத்தின் பின்னால் அழுதுகொண்டு போனாளோ அந்தச் செருப்புகூடப் பழசாகவில்லை என்கிறான். இழவு கண்டவர்களுக்குத் தெரியும், பெரிய பெரிய விஷயங்கள் எல்லாம் மங்கிப் போய் இப்படி ஒரு செருப்புதான் கண்ணில் நிற்கும்.

அந்த வாக்கியத்தை மூலத்தில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'அவள்' என்று தொடங்குகிறான், 'அவளே' என்கிறான், நடுவில் கடவுளைக் கூப்பிடுகிறான், பகுத்தறிவில்லாத மிருகம்கூட இன்னும் கொஞ்சநாள் துக்கம் காத்திருக்குமே என்கிறான், அதற்கும் பிறகுதான் 'மணந்தாள்' என்ற வினைச்சொல் வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் வினை இவ்வளவு தள்ளி வருவது மூச்சடைக்கிற மாதிரி இருக்கும். தமிழில் வினை எப்படியும் கடைசியில்தான் வரும் என்பதால், நேராக மொழிபெயர்த்தால் அந்தத் திணறல் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். மொழிபெயர்ப்பாளர்கள் பாவம், வேறு வழியில் அதைக் கொண்டுவந்தாக வேண்டும்.

நிஜத்தில் எவன் இப்படிப் பேசுவான் என்று கேட்டீர்கள். முதலில், நாம் இருட்டு அரங்கையும் ஒற்றை விளக்கையும் மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பதை நிறுத்த வேண்டும். 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட நாடகம் இது. அது மேடையேறிய லண்டன் குளோப் அரங்கின் நடுப்பகுதிக்குக் கூரை கிடையாது, நாடகம் நடப்பது பிற்பகல் வெயிலில், ஒரு பென்னி கொடுத்தவர்கள் மேடையைச் சுற்றி நிற்பார்கள். நடிகருக்கு அவர்கள் முகம் தெரியும். இரண்டாம் அங்கத்தின் முடிவில் 'நான் கோழையா? யார் என்னை அயோக்கியன் என்பது? யார் என் தாடியைப் பிடித்து இழுப்பது?' என்று ஹாம்லெட் கேட்கும்போது, பதில் சொல்லக்கூடிய ஆட்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். அரண்மனையில் கேட்க ஆளில்லாதவன் ஊராரிடம் வந்து கேட்கிறான், அவ்வளவுதான்.

அந்தப் பேச்சு தொடங்கும் விதத்தையும் கவனியுங்கள். ஊருக்கு வந்த ஒரு நடிகன், டிராய் கதையில் வரும் அரசி ஹெகுபாவுக்காக நிஜக் கண்ணீர் விடுகிறான். அவளுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம், எனக்கிருக்கும் காரணம் இவனுக்கிருந்தால் மேடையையே கண்ணீரில் மூழ்கடித்திருப்பானே என்று வெட்கப்படுகிறான் ஹாம்லெட். வெட்கம் கோபமாகி, சித்தப்பாவை வாய்க்கு வந்தபடி அடுக்கடுக்காய்த் திட்டி, உச்சத்துக்குப் போனதும் சட்டென்று தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, 'சே, நான் என்ன கழுதை' என்கிறான். கொலை செய்ய வேண்டியவன் தெருச்சண்டைக்காரி மாதிரி வார்த்தையைக் கொட்டிக்கொண்டிருக்கிறேனே என்று அவனே சொல்கிறான். நீங்கள் இன்றைக்குக் கடிதம் எழுதிச் சொல்லும் குறையை அவன் உங்களைவிடக் கடுமையாகச் சொல்லி நானூறு வருஷம் தாண்டிவிட்டது. அகப் போராட்டம் என்பது இந்த மாதிரித் தருணம். தன் பேச்சே தனக்குப் போலியாகக் கேட்பது.

'இருப்பதா இல்லாமல் போவதா' பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஆண்டுவிழாக்களில் ஒப்பித்து ஒப்பித்துத் தேய்ந்துவிட்டது. ஒன்று மட்டும். காதலி ஒஃபீலியாவைப் பார்ப்பதற்கு முன் அதில் 'நான்' என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை, சித்தப்பா இல்லை. 'நாம்' என்றும் 'யார்' என்றும் மனித குலத்தைப் பற்றிப் பேசுகிறான். ஆழ்ந்த தத்துவம் என்பார்கள். எனக்கென்னவோ, சொந்தக் காயத்தைத் தொட முடியாமல் பொதுவாகப் பேசுகிற ஆள்தான் தெரிகிறான். 'நான் வாழ்வதா சாவதா' என்று மொழிபெயர்த்தால் போச்சு.

தனிமொழியில் வருவதெல்லாம் உண்மை என்றும் நம்பிவிடாதீர்கள். மூன்றாம் அங்கத்தில் கிளாடியஸ் மண்டியிட்டிருக்கிறான், பின்னால் வாளோடு ஹாம்லெட். இப்போது கொன்றால் ஜெபத்தில் இருப்பவன் சொர்க்கத்துக்குப் போய்விடுவான், பாவம் செய்யும்போது பிடிக்கலாம் என்று சொல்லி வாளை உறையில் போடுகிறான். அவன் போன பிறகு எழுந்து கிளாடியஸ் சொல்வது: வார்த்தை மேலே போகிறது, எண்ணம் கீழேயே கிடக்கிறது. ஜெபமே நடக்கவில்லை! இது வைராக்கியமா, தள்ளிப்போடுவதற்குக் கிடைத்த சாக்கா? நான் சாக்கு என்பேன். தனியாக இருக்கும்போதும் மனிதன் தன்னிடமே பொய் சொல்வான் என்று காட்டுவதற்குத் தனிமொழியைவிட வசதியான கருவி எது?

கடைசியாக, உங்கள் பேராசிரியர் கேட்டால் சொல்லுங்கள்: ஐந்தாம் அங்கத்தில் ஹாம்லெட்டுக்குத் தனிமொழியே கிடையாது. நான்காம் அங்கத்தில் வரும் கடைசித் தனிமொழிகூட 1623-ஆம் வருடம் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் இல்லை. இடுகாட்டில் விதூஷகன் யோரிக்கின் மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறான், ஆனால் பக்கத்தில் நண்பன் ஹொரேஷியோ இருக்கிறான். ஒஃபீலியாவின் புதைகுழியருகே ஊர் பார்க்கத் தன் பேரைச் சொல்லிக் கத்துகிறான், நாற்பதாயிரம் அண்ணன்களின் அன்பைச் சேர்த்தாலும் என் அன்புக்கு ஈடாகாது என்கிறான். முதல் அங்கத்தில் விழுங்கிய அழுகை இங்கேதான் வெளியே வருகிறது. வாள்போட்டிக்குப் போகும் முன்னால் ஹொரேஷியோவிடம் அவன் சொல்வதில் ஒரு வரி போதும். இங்கே நெஞ்சில் என்னவோ எவ்வளவு மோசமாக இருக்கிறது தெரியுமா, சரி, அது கிடக்கட்டும்.