வண்டின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: பெங்களூருவில் எவோ-டெவோவில், அதாவது கரு வளர்ச்சியையும் பரிணாமத்தையும் சேர்த்துப் படிக்கும் உயிரியலில், பிஎச்.டி. ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். வயது 29. மாவு வண்டின் கருவில் உடற்கண்டங்கள் உருவாகும் விதம்தான் என் ஆய்வு. ஜெர்மனிக்கு போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்கு, போகச் சொல்கிறார் கைடு. சாத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவோ, "பூச்சியைப் பார்த்தது போதும், ஊர்ப்பக்கம் காலேஜ் வேலைக்கு வா" என்கிறார். என் துறையின் அருமை வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஆனி மாதம் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோதுகூட, வண்டுகளை விட்டு வர முடியாததால் டீச்சராக இருக்கும் தங்கைதான் பள்ளிக்கூடத்துக்கு 12 நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் ஜெர்மனி போகட்டுமா, வேண்டாமா?

பதில்:

ஜெர்மனி இருக்கட்டும் தம்பி. "வண்டுகளை விட்டு வர முடியாததால்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

ஜீப்ரா மீன் வளர்ப்பவர் இதைச் சொன்னால் நம்பலாம், அதற்குத் தினமும் தீனி போட ஆள் வேண்டும். பட்டாம்பூச்சி லேப்காரர் சொன்னாலும் நம்பலாம், புழுக்களுக்குப் பச்சை இலை தீர்ந்தால் கதை முடிந்தது. நீங்கள் வளர்ப்பது ட்ரைபோலியம் என்கிற மாவு வண்டு. நூறு பங்கில் 95 பங்கு கோதுமை மாவு, 5 பங்கு ஈஸ்ட், ஒரு பாட்டில். தண்ணீர்கூட வைக்க வேண்டாம். 30 டிகிரியில் முட்டை முழு வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். 25 டிகிரிக்கு இறக்கினால் ஒன்றரை மாதத்துக்கு மேல் இழுக்கும். வளர்ந்த வண்டு ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆய்வகப் பூச்சிகளில் இவ்வளவு பொறுமைசாலி அபூர்வம். 12 நாள் கதவைச் சாத்திவிட்டுப் போனால் நீங்கள் போனதே அதற்குத் தெரியாது.

"சும்மா வளர்த்துவைக்கும் ஸ்டாக் வண்டுகள் அல்ல, பரிசோதனை ஓடிக்கொண்டிருந்தது" என்பீர்கள். சரி, அதையும் பார்ப்போம். ஒரு ஜீனை அடக்கிவைக்கும் டிஎஸ்ஆர்என்ஏ ஊசியைப் பெண் கூட்டுப்புழுவுக்குப் போடுகிறீர்கள். ஒரு வாரத்துக்குள் வண்டு வெளிவருகிறது, ஆணோடு சேர்க்கிறீர்கள், சில நாளில் முட்டை வருகிறது. அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 300 மைக்ரான் சல்லடையில் மாவைச் சலித்து முட்டை எடுக்க வேண்டும். நாள் போகப் போக ஊசியின் வேகம் குறையும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. ஆக மொத்தம் மூன்று, நான்கு வாரம், அதில் கை ஒழியாத காலம் பத்து நாள். பைபாஸ் தேதியை ஆஸ்பத்திரியில் எப்போது சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஊசியைத் தள்ளிப் போட்டிருக்கலாம். திடீரென்று வந்ததென்றால், கையிலிருந்த முட்டைகளை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, மெத்தனாலில் போட்டு, மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்திருக்கலாம். மாதக்கணக்கில் கெடாது. ஒரு பகல் வேலை. ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சாத்தூர்.

இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கோபம் வருகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுப்பது தங்கைக்கு மட்டும் எழுதிவைத்த வேலையா? தனியார் பள்ளி டீச்சர் என்றால் அந்த 12 நாளில் பெரும்பகுதிக்குச் சம்பளம் பிடித்திருப்பார்கள். எஸ்ஆர்எஃப் என்கிற மூத்த ஆய்வு உதவித்தொகை என்றால் உங்களுக்கு மாதம் 42,000 ரூபாய் வருகிறது. எவ்வளவு பிடித்தார்கள் என்று இன்றைக்கே கேட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்பாள், அனுப்புங்கள்.

அடுத்தது லேப். உங்கள் ஸ்டாக்கைத் தொட இன்னொருவருக்குத் தெரியாதென்றால் அது உங்கள் குறை. ஒவ்வொரு வகையும் இரண்டு பாட்டில், இரண்டு வேறு இன்குபேட்டரில் இருக்க வேண்டும். ஒன்றின் தெர்மோஸ்டாட் பழுதாகிச் சூடேறினால் ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். மாவைப் பயன்படுத்தும் முன் சில நாள் மைனஸ் 20-இல் வையுங்கள், இல்லாவிட்டால் சிற்றுண்ணி ஏறும். ஈரப்பதம் கூடினாலும் அதே தொல்லைதான். ஒரே சல்லடையைக் கழுவாமல் அடுத்த வகைக்குப் போட்டால் ஒட்டியிருக்கும் முட்டை கலந்து, ஐந்து வருஷ உழைப்பு எந்த வகை என்றே தெரியாமல் போகும். இதை ஒரு பக்கத்தில் எழுதி இன்குபேட்டர் கதவில் ஒட்டி, ஜூனியர் ஒருவரை ஒரு மாதம் கூட வைத்துப் பழக்குங்கள்.

வீட்டில் புரியவில்லை என்கிறீர்கள். மாவு மூட்டையில் வண்டு வைத்துவிட்டால் சலித்துச் சலித்து அலுத்தவர் உங்கள் அப்பா. அவரிடமா சொல்ல முடியவில்லை? ஈயின் கருவில் கண்டங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிரிகின்றன. இந்த வண்டிலோ முன்பக்கத்துக் கண்டங்கள் முதலில் வந்து, மற்றவை வால் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கின்றன, நம் முதுகெலும்பு உருவாவதுபோல. வண்டின் அந்த வால் பக்கத்தில் ஜீன்கள் கடிகாரம் மாதிரி விட்டுவிட்டு இயங்குவதை 2012-இல் காட்டினார்கள். தலை எது என்று ஈயின் கருவுக்குச் சொல்லும் பைகாய்டு ஜீன் வண்டில் கிடையவே கிடையாது. 1991-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் விசித்திரம்: எந்தக் கண்டத்தில் எந்த உறுப்பு என்று சொல்லும் ஹாக்ஸ் ஜீன் தொகுதி இல்லாத வண்டுக் கருவில் தாடை, கால், வயிறு வர வேண்டிய கண்டங்களிலெல்லாம் உணர்கொம்பு முளைத்திருந்தது. அந்தப் படத்தைக் கல்லாவில் வைத்துக் காட்டுங்கள். கேள்வி மேல் கேள்வி கேட்பார். அவர் எதிர்ப்பது அறிவியலையா, படுத்திருந்தபோது வராத மகனையா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

போஸ்ட்டாக்குக்குப் போங்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் இந்த வண்டை வைத்துப் பெரிய வேலை நடக்கிறது, இவ்வளவு பழகிய கையைச் சும்மா விடக் கூடாது. ஆனால் இந்த மாதமே பெட்டி கட்ட வேண்டிய அவசரம் இல்லை. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்குப் பிஎச்.டி. முடித்து 4 வருஷம் வரை விண்ணப்பிக்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு 8 வருஷம். அவசரம் திரும்பி வரும் பக்கத்தில்தான். இளம் ஆய்வாளர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் ஃபேகல்டிக்குப் பொதுப்பிரிவு வயது வரம்பு 32. ஜெர்மனியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நீட்டினால் அந்தக் கதவு மூடிவிடும். இன்டர்வியூவில் ஜெர்மனி லேப்காரர்களிடம், சனி ஞாயிறு ஸ்டாக்கை யார் பார்க்கிறார்கள், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் என்ன ஏற்பாடு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முறை வைத்துப் பார்க்கிற லேப் உடனே பதில் சொல்லும்.

அப்பாவின் அடுத்த செக்கப்புக்கு நீங்கள்தான் கூடப் போகிறீர்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அடுத்த ஊசி எந்தத் தேதி என்று அதற்கப்புறம் கைடிடம் பேசுங்கள்.